உஷார்! காய்ச்சினாலும் போகாத விஷம்

தண்ணீரில் சந்தேகம் வந்தால் நாம் முதலில் செய்வது, காய்ச்சிக் குடிப்பதுதான். ஆனால் பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியது போல ஏடு படிந்து கிடக்கும் ஏரித் தண்ணீரிடம் அந்த வேலை நடக்காது. அதை அடுப்பில் ஏற்றவே ஏற்றாதீர்கள்!

2014 ஆகஸ்ட் 2. அமெரிக்காவில் டொலீடோ நகர மக்களுக்கு விடியும் முன்பே அறிவிப்பு வந்தது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள். 4 லட்சம் பேருக்கு மேல் தவித்துப்போனார்கள். பாட்டில் தண்ணீர் கடைகளில் தீர்ந்தது. ஊருக்குத் தண்ணீர் தரும் ஈரி ஏரியில் நீலப்பச்சைப் பாசி மண்டி, அதன் மைக்ரோசிஸ்டின் விஷம் சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டி வந்திருந்தது. தடை நீங்கியது ஆகஸ்ட் 4-ல்தான்.

மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும் விஷம். காய்ச்சினால் பாசியின் செல்கள் உடைந்து உள்ளே இருப்பதும் வெளியே வரும். தண்ணீர் வற்ற வற்ற விஷத்தின் செறிவு ஏறும். 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில் டயாலிசிஸ் தண்ணீரில் இது கலந்து, 50 நோயாளிகளுக்கு மேல் இறந்தார்கள்.

ஈரி ஏரியில் இந்தப் பாசிக்குத் தீனி போடுவது வயல்கள். உரத்திலும் சாணத்திலும் உள்ள பாஸ்பரஸ் மழையோடு மௌமீ ஆற்றில் இறங்கி, ஏரியின் ஆழமில்லாத மேற்குப் பகுதியில் சேர்கிறது. அப்புறம் வெயில் ஏறி, காற்று அடங்கினால் போதும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற இந்தப் பாசியின் செல்லுக்குள் நுண்ணிய காற்றறைகள் உண்டு. அவற்றால் மேலே மிதந்துவந்து, வெளிச்சம் முழுவதையும் தானே எடுத்துக்கொண்டு, மற்ற பாசிகளை இருட்டில் தள்ளிவிடும். செத்து அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மிதக்கும். அடிச்சேற்றில் படிந்திருந்த பாஸ்பரஸும் கரைந்து மேலே வந்து அடுத்த தலைமுறைப் பாசிக்கு உரமாகும். பாஸ்பரஸ் வரத்தை நிறுத்திய பிறகும் ஏரிகள் பல வருஷம் தேறாமல் கிடப்பது இதனால்தான். சாக்கடையிலும் இதே பாஸ்பரஸ் இருப்பதால், அதை ஏரியில் விடுகிற எந்த ஊருக்கும் இந்த ஆபத்து உண்டு.

சந்தேகமா? கையுறை போட்டுக்கொண்டு ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். நார்நாராகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. குச்சியில் பச்சை பூசினாற்போல் ஒட்டினால் விலகிவிடுங்கள். விஷம் இருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்லும். அதுவரை குழந்தைகளை இறங்க விடாதீர்கள், மாட்டையும் நாயையும் குடிக்க விடாதீர்கள்.

மயில்துத்தத்தைக் கொட்டிப் பாசியைக் கொல்லலாம் என்று யாராவது கிளம்பினால் தடுங்கள். செல்கள் செத்து உடைந்ததும் விஷம் மொத்தமும் தண்ணீரில் கலந்துவிடும். ஏரி பார்வைக்குத் தெளிந்திருக்கும் அந்த நாட்களில்தான் ஜனங்கள் நம்பிக் குடத்தை எடுத்துக்கொண்டு போவார்கள்.