குளிர்க் கப்பலில் விளைபொருள் அனுப்புதல்

ஓரிடத்தில் மிதமிஞ்சி விளையும் உணவுப் பொருள் மற்றோரிடத்தில் நல்ல விலைக்குப் போகாதபடி தடுப்பவை இரண்டு. ஒன்று தூரம், மற்றொன்று உஷ்ணம். தூரத்தை நீராவிக் கப்பல் குறைத்தது. உஷ்ணத்தை வெல்வதற்கு மேலும் பல்லாண்டுகள் பிடித்தன. அது கைகூடிய வரலாற்றையும், இன்று குளிர்ப் பெட்டிகளில் பழமும் மாமிசமும் கடல் கடந்து செல்லும் முறையையும் ஏற்றுமதிக்குப் பயிரிடும் நிலச்சுவான்தார்கள் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் இவ்வியாபாரத்தில் ஏற்படும் நஷ்டத்தில் பெரும்பகுதி நடுக்கடலில் உண்டாவதன்று. தோட்டத்திலும் கட்டுச் சாலையிலுமே உண்டாவது.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நியூஜீலந்து தேசத்தில் ஆடுகள் ஏராளம், ஜனங்களோ சொற்பம். ரோமத்திற்கு இங்கிலாந்தில் விலை உண்டு. மாமிசத்தை வாங்குவாரில்லை. ஆகவே மிகுதியான ஆடுகளைக் கொன்று, கொழுப்பை மட்டும் உருக்கி எடுத்துக்கொண்டு, மற்றதைக் கழித்துவிடும் வழக்கம் இருந்தது. இந்நிலையில் நியூஜீலந்து-ஆஸ்திரேலிய நிலக் கம்பெனியைச் சேர்ந்த டேவிட்ஸன், பிரைடோன் என்னும் இருவர் 'டனீடின்' என்ற பாய்க்கப்பலில் பெல்-கோல்மன் குளிர் யந்திரம் ஒன்றை அமைக்கச் செய்தனர். காற்றை அழுத்தினால் அது சூடேறும். அச்சூட்டைத் தண்ணீரால் போக்கியபின் அதே காற்றை விரியவிட்டால் அது மிகக் குளிர்ந்துவிடும். அக்காற்றைச் சரக்கறையில் சுழலவிடுவதே அந்த யந்திரத்தின் தொழில். பாய்க்கப்பலாயினும் யந்திரத்தை ஓட்டுவதற்கென நிலக்கரி எரிக்க வேண்டியிருந்தது.

சரக்கேற்றும்போதே யந்திரத்தின் முக்கிய அச்சு ஒன்று முறிந்தது. அதுவரை ஏற்றிய மாமிசத்தை இறக்கி உள்ளூரிலேயே விற்றுவிட்டு, யந்திரத்தைச் செப்பனிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஏற்றினார்கள். 1882-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி சுமார் 5,000 உருப்படிகளுடன் கப்பல் போர்ட் சால்மர்ஸ் துறையை விட்டுப் புறப்பட்டது. உஷ்ண மண்டலத்தில் சரக்கறைக்குள் காற்று சரிவரப் பரவவில்லை என்பது தெரிந்தது. மாலுமித் தலைவர் விட்ஸன் காற்றுக் குழாய்க்குள் தாமே ஊர்ந்து சென்று புதிய துவாரங்கள் அமைத்தார். குளிரில் விறைத்து நகரமாட்டாமற்போன அவரை, காலில் கயிறு கட்டி வெளியே இழுக்க நேர்ந்தது. 98 நாட்களுக்குப்பின் லண்டனில் சரக்கைப் பரிசோதித்தபோது ஒரே ஓர் உருப்படிதான் கழிக்கப்பட்டது. எறியப்பட்டுவந்த பொருள் அத்தேசத்தின் தலையாய செல்வங்களில் ஒன்றாக ஆனது அன்று முதற்கொண்டேயாம்.

விட்ஸன் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை. குளிர் உண்டாக்குவது ஒரு வேலை. அக்குளிரைச் சரக்கின் ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறொரு வேலை. இக்காலத்தில் 'ரீபர் கண்டெய்னர்' என வழங்கும் 40 அடி நீளமுள்ள குளிர்ப் பெட்டியின் தளத்தில் நீளவாட்டில் பள்ளங்கள் உண்டு. குளிர்காற்று அப்பள்ளங்களின் வழியே சென்று கீழிருந்து மேலெழுந்து, கூரையை ஒட்டித் திரும்புகிறது. தளத்தில் ஓரிடத்தைக் காலியாக விட்டால் காற்று அவ்வழியே குறுக்காகப் போய்விடும். சரக்கின் நடுப்பாகம் வெந்துபோகும். சுவரில் வரைந்துள்ள சிவப்புக் கோட்டிற்கு மேல் அடுக்கினாலோ காற்று திரும்புவதற்கே வழியிராது. பத்துப் பெட்டிகள் கூடுதலாக ஏற்றும் ஆசையால் முழுச் சரக்கையும் கெடுத்துக்கொள்வோர் உண்டு.

உறைந்த சரக்கும் பசுமையான சரக்கும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாக உணர வேண்டும். மாமிசம், மீன் முதலியன பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரி சென்டிகிரேட் குளிரில் செல்லுகின்றன. அவை உயிரற்றவை, தாமாகச் சூட்டை உண்டாக்கா. ஆகையால் அவற்றை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கலாம். காற்று சுற்றிவந்தாற் போதும். பழமோ பறித்த பின்னும் உயிருள்ளது. அது சுவாசிக்கிறது, சூட்டை விடுகிறது, கரியமில வாயுவையும் எத்திலீன் என்னும் பழுக்கவைக்கும் வாயுவையும் வெளியிடுகிறது. எனவே பழப்பெட்டிகளின் அடியிலும் மேலிலும் துவாரங்கள் இருப்பதோடு, அடுக்கும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று நேராக வரவேண்டும். கண்டெய்னரின் வெளிக்காற்றுத் துவாரத்தை மாமிசத்திற்கு மூடியும், பழத்திற்கு வேண்டிய அளவு திறந்தும் வைப்பார்கள்.

குளிர் மிகுந்தால் பழம் மேலும் நாட்படும் என்று எண்ணுவது தவறு. ஆப்பிளுக்கு பூஜ்யத்தை ஒட்டிய குளிர் ஒத்துக்கொள்ளும். வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழ் ஆகாது. அதற்குக் கீழே சென்றால் தோலின் உட்புறத்து நரம்புகள் கறுத்து, பழம் சாம்பல் நிறமடைந்து, பிறகு எவ்வளவு பக்குவம் செய்தாலும் சரியாகப் பழுப்பதில்லை. 15 டிகிரிக்கு மேற்போனால் வழியிலேயே பழுக்கத் தொடங்கும். ஒரு தார் பழுத்தால் அதிலிருந்து எழும் எத்திலீன் பக்கத்துப் பெட்டிகளையும் பழுக்கச் செய்யும். ஆக வாழை வியாபாரம் முழுவதும் இரண்டொரு டிகிரிக்குள் அடங்கியிருக்கிறது. மாவிற்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான்.

இனி விவசாயிகள் பெரிதும் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கண்டெய்னரிலுள்ள யந்திரம் ஏற்கெனவே குளிர்ந்த பொருளைக் குளிர்ந்த நிலையில் காப்பதற்கே அமைந்தது; சூடான பொருளைக் குளிரச் செய்வதற்கன்று. நண்பகல் வெயிலில் வெட்டிய வாழைத்தார் 35 டிகிரிச் சூட்டுடன் இருக்கும். அதை அப்படியே பெட்டியிலடைத்து ஏற்றினால் உட்பெட்டிகளின் சூடு தணியப் பல நாட்கள் செல்லும். அதற்குள் பழம் தன் ஆயுளில் பெரும்பங்கைச் செலவிட்டுவிடும். ஆகவே அதிகாலையில் வெட்டி, நிழலில் வைத்து, சீப்பு நறுக்கி, பால் வடியும்வரை தண்ணீரில் அலசி, கட்டுச் சாலையிலுள்ள குளிர் அறையில் காற்றை விசையாகச் செலுத்தி, சதைப்பற்றின் சூடு 13 அல்லது 14 டிகிரிக்கு இறங்கியபின்னரே ஏற்றவேண்டும். முக்கால் முற்றலே ஏற்றுமதிக்கு ஏற்றது. தேனிச் சீமையில் கிராண்ட் நைன் வாழை பயிரிடுவோர் பலர் இம்முறையைக் கைக்கொண்டு வருகின்றனர்.

கிராமத்துப் பாதையின் நிலைமையும் இதிற் சேரும். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது பச்சைக் காயில் பட்ட அடி அப்பொழுது கண்ணுக்குத் தெரியாது. அயல்நாட்டில் பழுத்தபின் கரும்புள்ளியாகத் தோன்றி விலையைக் குறைக்கும். தோட்டங்களிலிருந்து கட்டுச் சாலை வரையுள்ள பாதையை அறுவடைக்கு முன் செப்பனிட்டு வைப்பது கிராம அதிகாரிகளால் ஆகக்கூடியது.

சரக்கு கெட்டுப்போய்ச் சேர்ந்தால் நஷ்டம் யாருடையது என்ற தகராறு எழும். கண்டெய்னரின் யந்திரம் பிரயாண முழுவதும் காற்றின் உஷ்ண நிலையைத் தானே பதிவு செய்துகொண்டிருக்கும். அப்பதிவு ஒழுங்காக இருந்தால், பழம் சூடாகவே ஏற்றப்பட்டது என்று கப்பல் தரப்பினர் வாதிப்பர். அதை மறுக்கும் சாதனம் ஏற்றுமுன் எடுத்த உள்ளுஷ்ணக் குறிப்பு ஒன்றே. அயல்நாட்டில் விற்ற பிறகே பணம் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளும் விவசாயி, ஏற்றும் வேளையில் சில பெட்டிகளைத் திறந்து, சதையில் உஷ்ணமானியைச் செருகிப் பார்த்த அளவையும் தேதி, மணி, கண்டெய்னர் எண், முத்திரை எண் ஆகியவற்றையும் எழுதச் செய்து, ஏற்றுமதியாளர் கையொப்பமிட்ட நகலொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.