இருபது நொடி இசைக்கு யார் உரிமையாளர்?

பணிநிறைவு பெற்ற பிறகு, போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்களுக்காகப் பொருளியல் பாடங்களைக் காணொலிகளாக யூடியூபில் வெளியிட்டு வருகிறேன். படத்தொகுப்பு வேலையை என் முன்னாள் மாணவர் ஒருவர் செய்து தருகிறார். ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் சிறிது வீணை இசை ஒலிக்க வேண்டும் என்று விரும்பியவன் நான்தான். அவர் இணையத்தில் தேடி, ‘ராயல்டி ஃப்ரீ’ என்ற குறிப்புடன் கிடைத்த தியாகராசர் கீர்த்தனை ஒன்றின் வீணை வாசிப்பைச் சேர்த்தார். சில மாதங்களில், அக்காணொலிகளின் விளம்பர வருவாய் இனி ஓர் இசைப்பதிவு நிறுவனத்துக்குச் செல்லும் என்ற அறிவிப்பு வந்தது. பாடம் நாற்பது நிமிடம். வீணை இருபது நொடி. வருவாய் முழுவதும் வீணைக்கே.

தொகை பெரிதன்று. ஆயினும், 1847-இல் மறைந்த தியாகராசரின் கீர்த்தனைக்கு இன்று யார் உரிமை கொண்டாட முடியும் என்று எனக்குக் கோபம் வந்தது. விவரம் தேடிப் படித்தபோது, பிழை அந்நிறுவனத்தினுடையது அன்று, எங்களுடையது என்பது புரிந்தது. திருமணப் படம் எடுப்போர், ஊர்க்கோயில் வரலாற்றைப் படமாக்குவோர், சமையல் குறிப்பு சொல்லும் இல்லத்தரசிகள் எனக் காணொலி வெளியிடுவோர் பெருகிவிட்ட காலத்தில், இதே பிழையைப் பலரும் செய்கிறார்கள்.

இசையில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, இயற்றப்பட்ட பாடலுக்கும் மெட்டுக்கும் உரியது. மற்றொன்று, அதை யாரோ வாசிக்க, யாரோ பதிவு செய்த ஒலிப்பதிவுக்கு உரியது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, முதலாவது உரிமை படைத்தவரின் ஆயுட்காலமும் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். இரண்டாவது, பதிவு வெளியானதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். தியாகராசரின் கீர்த்தனை எல்லோருக்கும் பொது. ஆனால் அதைப் பத்தாண்டுகளுக்கு முன் ஒரு கலைஞர் வாசித்த பதிவு, அதைத் தயாரித்த நிறுவனத்தின் சொத்து. பாரதியார் பாடல்களுக்கும் இதுவே நிலை. அவற்றின் உரிமையை 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு பெற்றது; பின்னர் அவை பொதுவாக்கப்பட்டன. இன்று யாரும் அச்சிடலாம், பாடலாம். ஒரு திரைப்படத்தில் ஒலித்த பாரதி பாடலை எடுத்து ஒட்டுவதற்கு அது அனுமதி ஆகாது.

பழைய திரைப்பாடல்களில் இக்கணக்கு தலைகீழாகும். 1960-இல் வெளியான இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு இறுதியில் முடிந்துவிட்டது. ‘அறுபது ஆண்டு ஆயிற்று, இனி இலவசம்’ என்று சிலர் சொல்வது இதனால்தான். ஆனால் கவிஞர் கண்ணதாசன் மறைந்தது 1981-இல். மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் மறைந்தது 2015-இல். அவர்களுடைய வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை முறையே 2041, 2075 முடிய உயிரோடு இருக்கும். தவிரவும், இணையத்துக்கு எல்லைக்கோடு இல்லை. அமெரிக்காவில் அதே வயதுடைய ஒலிப்பதிவுகளுக்கே பாதுகாப்பு இன்னும் பல பத்தாண்டுகள் இருக்கிறது.

இனி, எங்களை ஏமாற்றிய அந்தச் சொல்லுக்கு வருவோம். ‘ராயல்டி’ என்பது அரசனுக்கு உரிய பங்கு என்ற பொருளில் பிறந்த சொல். சுரங்கத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் அரசுக்குச் செலுத்தும் தொகைக்கு இன்றும் அதுவே பெயர். இசையில், ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் உரியவருக்குச் சேரவேண்டிய தொகை அது. ‘ராயல்டி ஃப்ரீ’ என்றால், ஒரு முறை விலை கொடுத்து உரிமம் பெற்றபின் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டியதில்லை என்பதே பொருள். விலையே இல்லை என்பதன்று. பொருளியல் வகுப்பில் நிலைச்செலவு, மாறும் செலவு என்று பிரித்துச் சொல்வோமே, அதுதான்: மாறும் செலவு சுழியம், நிலைச்செலவு சுழியம் அன்று. ‘ஃப்ரீ’ என்பதை நம் மக்கள் ‘இலவசம்’ என்று மட்டுமே மொழிபெயர்த்துப் பழகியதில் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

உண்மையிலேயே காசு கேட்காத இசையும் உண்டு. அங்கே விலை வேறு வடிவில் இருக்கிறது. ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்ற பொது உரிமங்கள் 2002 டிசம்பரில் முதன்முதலாக வெளியாயின. இவற்றில் பெரும்பாலானவை படைத்தவரின் பெயரைக் குறிப்பிடச் சொல்கின்றன. அமெரிக்க இசையமைப்பாளர் கெவின் மெக்லவுட் தம் இசையைத் தமது ‘இன்காம்பெடெக்’ தளத்தில் இவ்வாறுதான் வழங்குகிறார்: பெயரைக் குறிப்பிட்டால் காசு வேண்டாம்; குறிப்பிட விருப்பமில்லை எனில் பணம் கட்டி உரிமம் பெறலாம். நேர்மையான பேரம். யூடியூபின் இசை நூலகத்திலும் சில துணுக்குகளுக்குப் பெயர் குறிப்பிட வேண்டும், சிலவற்றுக்கு வேண்டியதில்லை. தரவிறக்கும் இடத்திலேயே அது எழுதப்பட்டிருக்கும்.

இவ்வுரிமங்களில் பலரும் கவனிக்காத கண்ணிகள் உள்ளன. ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்ற நிபந்தனை உள்ள இசையை, விளம்பர வருவாய் பெறும் காணொலியில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. ‘மாற்றம் செய்யக்கூடாது’ என்பது இன்னும் நுட்பமானது. நான் வெட்டவில்லை, ஒட்டவில்லை, முழுப் பாடலையும் அப்படியேதானே சேர்த்தேன் என்று ஒருவர் வாதிடலாம். நகரும் படத்தோடு இசையைக் காலப் பொருத்தத்துடன் இணைப்பதே தழுவல்தான் என்று அவ்வுரிமங்கள் வெளிப்படையாகச் சொல்கின்றன. ஆகவே அந்த இசை காணொலிக்கு ஆகாது. ‘அதே உரிமத்தில் பகிர்க’ என்றிருந்தால், நம் காணொலியையே பிறர் எடுத்தாள அனுமதிக்க வேண்டியிருக்கும்.

இன்ஸ்டாகிராம் செயலிக்குள் கிடைக்கும் திரைப்பாடல்களைப் பற்றியும் ஒரு சொல். அவை நண்பர்களோடு பகிர்வதற்கானவை. அவற்றைப் பின்னணியாக வைத்துத் துணிக்கடைக்கு விளம்பரம் செய்ய அந்த அனுமதி செல்லாது.

உரிமை மீறலைக் கண்டுபிடிப்பது மனிதர் அல்லர், பொறி. யூடியூப் 2007-இல் கொண்டுவந்த ‘கன்டென்ட் ஐடி’ என்ற ஏற்பாடு, உரிமையாளர்கள் அளித்த பதிவுகளின் ஒலிரேகையை, பதிவேறும் ஒவ்வொரு காணொலியோடும் ஒப்பிடுகிறது. பொருந்தினால் உரிமைகோரல் எழும். இது வருவாயைத் திருப்பிவிடுவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். உரிமையாளர் காணொலியையே நீக்கக் கோரும் எச்சரிக்கை வேறு வகை. 90 நாள்களுக்குள் மூன்று வந்தால் அலைவரிசையே மூடப்படலாம்.

பொறி தவறும் செய்யும். விலைக்கு விற்கப்படும் பொது இசைத்துணுக்கை வாங்கிய ஒருவர், அதன்மேல் தம் பாட்டைப் பாடி, தம்முடையதாகப் பதிந்துவிட்டால், அதே துணுக்கை முறையாக வாங்கிய மற்றவர்கள் எல்லோர்மீதும் உரிமைகோரல் பாயும். அப்போது மறுப்பு தெரிவிக்கலாம். கோரியவர் 30 நாள்களுக்குள் பதில் அளிக்க வேண்டும். ஐந்து நாள்களுக்குள் மறுத்தால் முதல் நாளிலிருந்தே வருவாய் நிறுத்திவைக்கப்படும். மறுப்புக்கு ஆதாரம் உரிமச் சான்றுதான். வாங்கிய ரசீது, உரிமத்தின் வாசகம், தரவிறக்கிய நாள், அந்தப் பக்கத்தின் படம் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்திருப்பவருக்கு அச்சமில்லை. தளங்கள் மறையும், நிபந்தனைகள் மாறும், கோப்பு இருக்கும். எங்களிடம் அப்படி எதுவும் இல்லை. நாங்கள் எடுத்த தளம், தனக்கு உரிமையில்லாத பதிவையே ‘ராயல்டி ஃப்ரீ’ என்று அறிவித்திருந்தது. தன்னிடம் இல்லாத ஒன்றை எவரும் வழங்க முடியாது.

பிறகு வேறு வழியில் சென்றோம். எங்கள் தெருவில் வீணை பயிலும் மாணவி ஒருவரை அதே கீர்த்தனையை வாசிக்கச் சொல்லி, உரிய ஊதியம் கொடுத்து, நாங்களே பதிவு செய்தோம். கீர்த்தனை பொது, பதிவு எங்களுடையது. வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் என்ற முறையில் தனி உரிமை இருப்பதால், அவருடைய எழுத்துமூல இசைவையும் பெற்றோம். இங்கும் ஒரு பாடம் காத்திருந்தது. காப்புரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கொள்கிறது. எங்கள் முதல் வரைவில் இரண்டுமே இல்லை. நிகழ்த்துநரின் இசைவானாலும் இவ்விரண்டையும் எழுதிவிடுவதே பாதுகாப்பு என்று, வழக்கறிஞராக இருக்கும் மற்றொரு மாணவர் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவனுக்கு அது நியாயமான தண்டனைதான்.

புதிய பாடங்கள் இப்போது அந்த மாணவியின் வீணையோடு தொடங்குகின்றன. கீழே அவர் பெயரும் இருக்கிறது. பழைய காணொலிகளில் இசையை நீக்கிவிட்டதால், அவை எடுத்த எடுப்பில் தேவை, அளிப்பு என்று ஆரம்பிக்கின்றன. ஏற்கெனவே போன வருவாய் திரும்பவில்லை. திருப்பிக் கேட்க எங்களுக்கு முகாந்திரமும் இல்லை.