உப்பைத் தாங்கும் உப்பு

அடுக்களைக் கலங்கள் – 9

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் தூத்துக்குடி அடுக்களைகளில் கல்லுப்பு நீர்விடத் தொடங்கும். ஜாடியைத் தூக்கினால் அடியில் ஈர வளையம். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் அதுவே வெள்ளைத் தடமாகக் காய்ந்து நிற்கும். சோடியம் குளோரைடு தானாகக் கரைய வேண்டுமானால் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதம் இருக்க வேண்டும். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். உப்பளப் பாத்தியில் நீரின் அடர்த்தி போமே மானியில் 25 பாகையை எட்டும்போது உப்பு படியத் தொடங்குகிறது. 29-ஐத் தாண்ட விட்டால் மக்னீசியமும் கூடுதலாகக் கலந்துவிடுகிறது. கல்லுப்பு எவ்வளவு கசியும் என்பது பாத்தியிலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது. கசிவது எதன் மேல் கசிய வேண்டும் என்பதை மட்டுமே வீடு முடிவு செய்ய முடியும்.

எவர்சில்வரையும் இந்தக் கசிவு அரிக்கும். அதைக் காக்கும் குரோமியப் படலத்தில் ஊசிப்புள்ளிகள் விழும். அலுமினியம் அதைவிட மோசம்: உப்பும் புளியும் சேர்ந்தால் உலோகம் உணவில் இறங்கும்.

மண்சட்டிதான் இயற்கையானது, அதில் வைத்தால் தவறில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சமையலுக்கு அது சரி, உப்புக்குச் சரியில்லை. மெருகு பூசாத மண்ணில் நுண்துளைகள் ஏராளம். உப்புநீர் அவற்றின் வழியே வெளிப்பக்கம் வரை ஊறி, அங்கே காய்ந்து மறுபடி படிகமாகிறது. வளரும் படிகம் துளையின் சுவரை நெருக்கித் தள்ள, சட்டியின் மேல்தோல் பொரிந்து உதிர்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம். துறைமுகத்தை ஒட்டிய பழைய வீடுகளில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை காரை பொரிந்து, விரல் வைத்தால் மாவாகக் கொட்டும் சுவர்களைப் பார்த்தால் போதும். இரண்டிலும் நடப்பது ஒன்றே.

ஆகவே உப்புக்கும் ஊறுகாய்க்கும் துளையில்லாத கலம் வேண்டும். பழுப்பு மேல்பாதியும் வெளிர் கீழ்பாதியுமாக நிற்கும் ஊறுகாய் ஜாடி அந்த வகை. இத்தகைய ஜாடியின் மண் சூளையில் 1200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, ஏறக்குறைய கல்லாகவே இறுகிவிடுகிறது. குறைந்த சூட்டில் சுட்ட மலிவான வண்ணப் பாண்டங்களில்தான் ஆபத்து. அந்தச் சூட்டில் உருகி மெருகாவதற்காகச் சிலர் காரீயம் கலந்த பூச்சைப் பயன்படுத்துகிறார்கள். எலுமிச்சையும் மாங்காயும் அந்த ஈயத்தை இழுத்துக்கொள்ளும். பாண்டங்களைச் சோதிக்கும் பன்னாட்டு முறை எளிமையானது: 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கலத்தில் ஊற்றி, அறைச் சூட்டில் 24 மணி நேரம் வைத்து, அதில் எவ்வளவு ஈயமும் காட்மியமும் இறங்கியது என்று அளப்பார்கள். ஏறத்தாழ அடுக்களைக் காடியின் புளிப்புதான் அது. ஊறுகாயோ 24 மணி நேரமல்ல, ஓராண்டு முழுவதும் ஜாடிக்குள் கிடக்கிறது.

ஜாடிகளில் ஒரு வகைக்கு மெருகைத் தருவதே உப்புதான். சூளையின் சூடு உச்சத்தை எட்டும்போது, எரியும் நெருப்புக்குள் உப்பை அள்ளி வீசுகிறார்கள். உப்பு ஆவியாகிறது. அதிலிருக்கும் சோடியம், சிவந்து நிற்கும் மண்ணின் சிலிக்காவோடும் அலுமினாவோடும் கூடி, ஜாடியின் மேல் கண்ணாடித் தோலாகப் படிகிறது. குளோரின் பகுதி அமிலப் புகையாகப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. தூரிகையும் வேண்டாம், காரீயமும் வேண்டாம். ஆரஞ்சுப் பழத்தின் தோல்போல மேற்பரப்பு நுண்ணிய குழிகளோடு இருப்பதே அடையாளம். மண்ணிலுள்ள இரும்பு பழுப்பு நிறத்தைக் கொடுக்கிறது. ஜெர்மனியின் ரைன் நதிக்கரைக் குயவர்கள் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் இதில் தேர்ந்திருந்தார்கள். கழுத்தில் தாடிக்காரர் முகம் பொறித்த அவர்களுடைய ஜாடிகள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் உலகம் சுற்றின. 1629-ல் ஆஸ்திரேலியக் கரையோரம் பாறையில் மோதி உடைந்த பட்டாவியா கப்பலின் இடிபாட்டிலிருந்து அவை எடுக்கப்பட்டிருக்கின்றன. அதே கம்பெனிதான் 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்து, முத்துக்குளிப்பின் மேல் அதிகாரம் செலுத்தியது. அமிலம் அரிக்காத இந்த மெருகை நம்பித்தான் பிற்காலத்தில் நகரங்களின் கழிவுநீர்க் குழாய்களுக்கும் உப்பு வீசினார்கள். பாத்தியில் விளைந்த உப்பு நெருப்புக்குள் போய், இன்னொரு பிடி உப்பைத் தாங்கும் தோலாக மாறுகிறது. இந்தக் கடற்கரையிலிருந்து பார்க்கும்போது, பாண்ட வரலாற்றில் இதைவிட அழகான திருப்பம் கிடையாது.

கடையில் ஜாடி வாங்கும்போது அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மெருகு படாத அடிவளையத்தில் ஒரு சொட்டு நீர் விட்டால், நன்றாகச் சுட்ட ஜாடியில் அது முத்தாக நிற்கும். சரியாகச் சுடாத மண் உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் இல்லை என்பதற்கு இது சான்றாகாது. சூடு போதுமா என்பதை மட்டும் சொல்லும். உட்புறம் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளுமாக இருந்தால் அலமாரியில் அழகுக்கு வைக்கலாம், ஊறுகாய் போடக்கூடாது. உள்ளே வலைபோல விரிசல் ஓடிய ஜாடியும் அப்படியே. மூடி இரும்புத் தகரமாக இருந்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. உள்ளே மரக்கரண்டி போதும்.

கண்ணாடியும் உப்பின் வழிவந்ததே. சாதாரணக் கண்ணாடிப் புட்டியின் எடையில் ஏறக்குறைய 14 சதவீதம் சோடியம் ஆக்சைடு. அதைத் தருவது சோடா சாம்பல். உப்புநீரிலிருந்து அதைத் தயாரிக்கும் ஆலை தூத்துக்குடியிலேயே, டூட்டிக்கோரின் ஆல்கலி கெமிக்கல்ஸ் என்ற பெயரில், அமைந்தது. காய்ந்த நெத்திலிக் கருவாட்டுக்கு இறுக மூடிய கண்ணாடிப் புட்டி மிகப் பொருத்தம்: வாடை வெளியே வராது, ஈரம் உள்ளே போகாது. மழைக்கு முன் ஒருமுறை வெயிலில் உலர்த்தி, சூடு ஆறிய பிறகே அடைக்க வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்கு மட்டும் கண்ணாடியைவிட ஓலைக்கொட்டானும் அடுப்புக்கு மேலே புகை படும் இடமும் இன்றும் நல்லது.

பிளாஸ்டிக் டப்பாக்களில் பல வகை உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கேயே முடித்துவிடலாம், அதுவும் உப்பின் பிள்ளை என்பதால். ஆறுமுகநேரி அருகே சாகுபுரத்தில் டி.சி.டபிள்யூ. ஆலை உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவைப் பிரிக்கிறது, பி.வி.சி.யும் தயாரிக்கிறது. பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். குழாய்க்கு அது அருமையான பொருள். ஆனால் அதை வளையும்படி இளக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் எண்ணெயில் எளிதாக இறங்குபவை. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் பி.வி.சி.யைக் குறிக்கும் 3 என்ற எண் இருந்தால் அதில் ஊறுகாயும் வேண்டாம், கருவாட்டுப் பொரியலும் வேண்டாம். மற்ற ஆறு எண்களும் அடுத்த வாரம்.