தொட்டியின் அடியில் பசித்திருக்கும் மீன்

உங்கள் வீட்டு மீன் தொட்டியின் அடித்தரையில், மீசையால் மண்ணைத் துழாவித் திரியும் சிறு மீனைக் கவனித்திருக்கிறீர்களா? தென் அமெரிக்க ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட அந்தக் கெளுத்தி இனத்திற்குக் கோரிடோராஸ் என்று பெயர்.

"மற்ற மீன்களின் கழிவைத் தின்றே பிழைத்துக்கொள்ளும்" என்று கடைக்காரர் கூறியதை நம்பி, நானும் இரண்டு வாங்கினேன். தனியே உணவு இடவில்லை. சில வாரங்களில் வயிறு ஒட்டி இரண்டும் மடிந்தன. "அப்பா, அதுக்கு நாம சாப்பாடே போடலையே?" என்று இளைய மகள் கேட்டபோது நான் தலைகுனிந்தேன்.

அது கழிவை உண்பதில்லை. நாம் மேலே தூவும் உணவோ அடிமட்டத்தை எட்டுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. ஆகவே, இரவில் விளக்கை அணைத்தபின், நீரில் மூழ்கும் உருண்டை உணவைச் சிறிதளவு இடுங்கள். கூரிய சரளைக்கல்லும் அழுக்கடைந்த தரையும் மீசையைத் தேய்த்துவிடும். மெல்லிய மணலே ஏற்றது. கூட்டமாய் வாழும் மீனாதலால் ஆறேனும் வேண்டும். இடமில்லையெனில் வாங்காதிருப்பதே நலம். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் நீக்கும் மருந்தைக் கலக்க மறவாதீர்கள்.

திடீரென மேலே பாய்ந்து காற்றை விழுங்கினால் அஞ்ச வேண்டாம். குடலாலும் சுவாசிக்கும் மீன் அது. ஓயாமல் அப்படிச் செய்தால் மட்டும் நீரைச் சோதியுங்கள்.

இப்பொழுது எங்கள் தொட்டியில் ஆறு இருக்கின்றன. இரவு உணவிடும் பொறுப்பை மகள் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.