பித்தளையின் மீட்சியும் தோட்டா உறையின் அளவும்

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் ஈடுபடுவோர் பலர், சுட்டபின் வெளியே விழும் பித்தளை உறைகளைச் சேகரித்து, பிரைமர் எனப்படும் தீமூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை வீட்டிலேயே புதிதாகப் பொருத்தி மீண்டும் பயன்படுத்துகின்றனர். விரிந்துபோன உறையை ‘டை’ எனப்படும் கடினமான அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது இவ்வேலையின் முக்கியமான படி. அளவு சரியாக அமையாதபோது அச்சைக் குறைகூறுவது வழக்கமென்றாலும், பெரும்பாலான சிக்கல்களுக்கு விடை பித்தளையின் இயல்பிலேயே உள்ளது.

இவ்வுறை 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த உலோகத்தால் ஆனது. 9 மி.மீ. லூகர் தோட்டாவில் அழுத்தம் 235 மெகாபாஸ்கல் வரை, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2,300 மடங்கு வரை உயரலாம். அப்போது உறை விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயுவைக் கசியவிடாமல் அடைக்கிறது, அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. இதே மீட்சிப் பண்பு அச்சிலும் தொடர்கிறது: அழுத்தி வெளியே எடுத்த உறை இழையளவு மீண்டும் விரியும் என்பதால், அச்சின் உள்விட்டம் தேவையான அளவைவிடச் சிறிதாகவே கடையப்படுகிறது.

பலமுறை விரிந்து சுருங்கிய உறையில் இக்கணக்கு பிசகுகிறது. உலோகப் படிகங்களின் அணு வரிசையில் உள்ள பிறழ்வுகள் ஒவ்வொரு சிதைவிலும் பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் பித்தளை இறுகுகிறது. இறுகிய பித்தளையின் மீட்சி அதிகம். எனவே புதிய உறைக்குப் பொருந்திய அதே அச்சிலிருந்து பழைய உறை சற்றுப் பெரிதாக வெளிவருகிறது, அதன் வாய் குண்டைத் தளர்வாகப் பிடிக்கிறது. இத்தளர்வைச் சிறு குறையென்று ஒதுக்குவது ஆபத்து. துப்பாக்கிக்குள் ஏறும்போது குண்டு பின்னோக்கித் தள்ளப்பட்டால் உறையின் கொள்ளளவு குறைந்து, சுடும்போது அழுத்தம் கடுமையாக உயரும்.

அடிப்பகுதிப் புடைப்பு வேறு வகையானது. தோட்டா அறைக்குள் எளிதாக ஏறுவதற்கென அறையின் கீழ் விளிம்பு சரிவாக வெட்டப்பட்டுள்ள சில கைத்துப்பாக்கிகளில், சுவரின் தாங்கல் இல்லாத அவ்விடத்தில் உறை ஒரு பக்கமாகப் புடைக்கிறது. உறையைப் பிடிக்கும் தாங்கியும் அச்சு வாயின் வளைவும் குறுக்கிடுவதால், அடியோரத்து இப்புடைப்பை வழக்கமான அச்சு எட்டுவதில்லை. தனி அச்சால் புடைப்பை அமுக்கிவிடலாம் என்றாலும் நீட்சியடைந்த சுவரின் வலிமை அதனால் திரும்பாது. தெளிவாகப் புடைத்த உறையைக் கழிப்பதே முறை.

உலோகத்தில் எஞ்சும் தகைவு என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவிலிருந்தே சான்று உண்டு. பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள் சுடப்படாமலேயே விரிசல் விட்டன. உறையை உருவாக்கும்போது உள்ளே தங்கிய இழுவிசையும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், ஈரப்பதமும் கூடியதே காரணம் என்பது 1921-இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோரின் ஆய்வில் விளக்கம் பெற்றது. பளபளப்புக்காக அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷை உறைகளின் மீது ஒருபோதும் தேய்க்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.