உணவுப் பாதுகாப்பு அலுவலர்

மக்கள் வாங்கி உண்ணும் பொருள்கள் பாதுகாப்பானவையா, தரமானவையா என்பதைக் கண்காணிக்க மாநில அரசு நியமிக்கும் அதிகாரி உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆவார். தமிழ்நாட்டில் இவர்கள் மாவட்ட நியமன அலுவலரின் கீழ்ப் பணியாற்றுகின்றனர். சவ்வாது மலையை ஒட்டியுள்ள கண்ணமங்கலம் பேரூராட்சியின் மளிகைக் கடைகளும் உணவகங்களும் திருவண்ணாமலை மாவட்ட நியமன அலுவலரின் எல்லைக்குள் வருகின்றன.

சட்டம்

முன்பு 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006 கொண்டுவரப்பட்டது. இதன் விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் செயல்படுகின்றன.

அதிகாரங்கள்

உணவு தயாரிக்கும், சேமிக்கும், விற்கும் இடங்களுக்குள் சென்று அலுவலர் சோதனை செய்யலாம், மாதிரி எடுக்கலாம், சந்தேகத்துக்குரிய பொருளைப் பறிமுதல் செய்யலாம். எடுத்த மாதிரிக்குரிய விலையைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை

கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து ஒரு பொருளைக் கலப்படம் என்று முடிவு செய்ய முடியாது. ஆய்வக அறிக்கை வேண்டும். ஆகவே இப்பணியின் உயிர்நாடி மாதிரி எடுப்பதே.

மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிடப்படுகிறது. கடைக்காரரின் கையெழுத்து அல்லது கைரேகை பெறப்படுகிறது. ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்கும் இரண்டு பகுதிகள் நியமன அலுவலருக்கும் செல்கின்றன. கடைக்காரர் கேட்டால் நான்காவது பகுதி அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கையை ஏற்காத கடைக்காரர் மேல்முறையீடு செய்யலாம். காரணமின்றி வணிகரைத் துன்புறுத்தும் அலுவலருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

தண்டனை

தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரையும், லேபிளில் தவறான விவரம் இருந்தால் 3 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். இவ்வழக்குகளை மாவட்ட வருவாய் அலுவலர் விசாரிக்கிறார். பாதுகாப்பற்ற உணவு என்றால் குற்றவியல் வழக்கு தொடரப்படும். அதனால் உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனையும் விதிக்கப்படலாம்.

பஞ்சு மிட்டாய்த் தடை

2024 பிப்ரவரியில் சென்னையில் எடுக்கப்பட்ட பஞ்சு மிட்டாய் மாதிரிகள் கிண்டி அரசு ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. துணிகளுக்குச் சாயம் ஏற்றப் பயன்படும் ரோடமின் பி அவற்றில் இருந்தது. உணவில் சேர்க்க அனுமதியில்லாத இச்சாயம் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அஞ்சப்படுகிறது. அறிக்கை வந்ததும் தமிழ்நாடு முழுவதும் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. கடற்கரையில் எடுத்த சில மாதிரிகள், கண்ணமங்கலத்துக்கு அருகிலுள்ள படவேடு ரேணுகாம்பாள் கோயில் ஆடித் திருவிழாவுக்கு வரும் குழந்தைகளுக்கும் காப்பாயின.

பொதுமக்களின் பங்கு

உணவுப் பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் நுகர்வோரே கட்டணம் செலுத்திப் பொருளைப் பகுப்பாய்வு செய்யக் கோரலாம். குறை உறுதியானால் அக்கட்டணம் திருப்பித் தரப்படும்.