‘பாரின்’ பைக் பாதி விலையா? உஷார்!

“துபாய்ல மச்சான் ஓட்டின பைக் சும்மா நிக்குது. கப்பல்ல ஏத்திவிட்டா நேரா வந்துடும். பாதி விலைதான்!”

டீக்கடையில் இப்படி யாராவது ஆசை காட்டினால் உடனே தலையை ஆட்டிவிடாதீர்கள்.

கப்பலில் ஏற்றுவது சுலபம். இங்கே ரோட்டில் ஓட்டுவதுதான் தலைவலி!

3 வயசுக்குள்...

பழைய வண்டி என்றால், தயாரான நாளிலிருந்து 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வந்த பிறகு குறைந்தது 5 வருஷம் ஓடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அந்த 5 வருஷமும் இங்கே சர்வீஸ் கிடைக்கும் என்று உறுதியும் காட்ட வேண்டும்.

‘சென்னையிலேயே துறைமுகம் இருக்கே’ என்கிறீர்களா? பழைய வண்டிக்கு அந்தக் கதவு திறக்காது. மும்பை துறைமுகம் வழியாகத்தான் கொண்டுவர வேண்டும் என்பது இறக்குமதி விதி.

இறங்கியதும் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தின் சர்டிபிகேட் வேண்டும். சுங்கவரி தனி. அத்தனையும் கூட்டிப் பார்த்தால், ‘பாதி விலை’ எங்கே போச்சு என்று தேட வேண்டியதுதான்!

கண்ணைக் கூசும் லைட்

துபாயில் வண்டிகள் வலப்பக்கம் போகும். நமக்கு இடப்பக்கம். அங்கே ஓடும் பல வண்டிகளில் ‘டிம்’ போட்டால் வெளிச்சம் வலது ஓரமாகத் தூக்கி அடிக்கும். அதையே ஜி.எஸ்.டி. ரோட்டில் போட்டால் எதிரே வருகிறவர் கண் கூசிப்போகும். இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்ற ஹெட்லைட் கட்டாயம் என்பது இதனால்தான்.

அமெரிக்க வண்டியில் வேகம் மைல் கணக்கு. முள் 40-ல் நிற்கும். வண்டியோ 64 கிலோ மீட்டரில் பறக்கும். அதனால் ஸ்பீடா மீட்டர் கிலோ மீட்டரில்தான் இருக்க வேண்டும்.

பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்கப் படி, பின் சக்கரத்தில் பாதியாவது மூடும் தடுப்பு. இதையும் 1989-ம் வருஷ மோட்டார் வாகன விதி கேட்கிறது. முந்தானை சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்?

‘பார்ட்ஸ்’ பித்தலாட்டம்

இவ்வளவு தொல்லை எதுக்கு என்று சிலர் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். வெளிநாட்டில் பைக்கைக் கழற்றி, ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ என்று கணக்குக் காட்டிக் கொண்டுவந்து, இங்கே பூட்டி விற்கிறார்கள். வருவாய் புலனாய்வு அதிகாரிகளிடம் இப்படிச் சிக்கிய பைக்குகள் பல.

விற்றவன் கம்பி நீட்டிவிடுவான். மாட்டுவது ஓட்டுகிறவர்! சுங்கச் சட்டப்படி வண்டியைப் பறிமுதல் செய்யலாம். ரிஜிஸ்டர் ஆகாத வண்டியை ரோட்டில் எடுத்தாலே 2 ஆயிரம் முதல் 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டாம் தடவை சிக்கினால் ஒரு வருஷம் வரை ஜெயிலும் உண்டு.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

சுங்கத்துறை கொடுத்த கிளியரன்ஸ் சர்டிபிகேட்டைக் கேளுங்கள். அது இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீசில் நம்பர் கிடைக்காது. அதில் உள்ள சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றுதானா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

“புக் அப்புறம் வரும் சார்” என்கிறாரா? வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். வண்டி பிடிபட்டு வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்து நிற்பதை வேடிக்கை பார்ப்பதைவிட பஸ் பயணம் எவ்வளவோ மேல்!